தங்கமான பிள்ளை

எனக்குத் தலை வலித்தாலும் காரணம் ஒன்றுதான், சாவி தொலைந்தாலும் காரணம் ஒன்றுதான். குகனாகப் பிறந்துவிட்டு ஷாந்தினியாகச் சேலை கட்டிக்கொண்டேனாம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் மலாக்காக்காரர்களை மிஞ்ச ஆளில்லை.

குருபோங்கில் ரேடியோ செய்யும் ஃபேக்டரியில் வேலை. ஒரு பெட்டியை முடிப்பதற்குள் மனம் நாலு பெட்டி தாண்டிப் போய்விடும். ஸ்க்ரூ மாட்ட மறப்பேன். பஸ்ஸில் இறங்க மறப்பேன். சோறு கரிந்து பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினால்தான் அடுப்பு ஞாபகம் வரும். இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியாயிற்று, மூன்றாவது வந்தால் வேலை போச்சு.

"பொம்பள வேஷம் போட நேரம் இருக்கு, ஸ்க்ரூ போட நேரமில்லையா லா?" என்றார் சூப்பர்வைசர் சேகரன்.

பார்த்த இரண்டு டாக்டர்களும், பெண்மைக்காக நான் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தினால் சரியாகிவிடும் என்றார்கள். அந்த மாத்திரையைக் கண்ணால் பார்க்காத வயதிலேயே நான் இப்படித்தான் என்று கத்தினேன். யார் காதில் வாங்கினார்கள்?

டாக்டர் பாட்ரீசியா வாங்கினார். வெளிநாட்டில் படித்துவிட்டு தொண்ணூற்று ஏழில் ஊர் திரும்பியவர். என்னை மூன்று முறை வரவழைத்துப் பேசவிட்டார்.

"அது வேற, இது வேற, ஷாந்தினி. சில பேருக்குப் பொறவியிலேயே கவனம் ஒரு எடத்துல நிக்காது. இதுக்குப் பேரு இருக்கு, மருந்தும் இருக்கு. ஃபேக்டரிக்கு நானே லெட்டர் எழுதுறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பது வயதில் முதல்முறையாக ஒருவர் என் சேலையைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"ஆனா ஏழு வயசுக்கு முன்னாடியே இப்படி இருந்தீங்கன்னு, வளத்தவங்க யாராச்சும் சொல்லணும். இல்லாட்டி நான் எழுத முடியாது."

வளர்த்தவள் ஒருத்திதான். அம்மா கருப்பாயி, சுங்கை ரம்பாய் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருக்கிறாள். என்னோடு பேசி ஆறு வருடம் ஆகிறது. தோட்டத்துக் கடைக்குப் போன் போட்டு, டாக்டர் கூப்பிடுகிறார் என்று சொல்லச் சொன்னேன். வந்துவிட்டாள். கோயிலுக்குக் கட்டும் சேலையில் வந்து, என் பக்கத்து நாற்காலியை விட்டு அடுத்ததில் உட்கார்ந்தாள்.

என் சின்ன வயது தோட்டத்துக்கே தெரியும். பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையிலிருந்து தினமும் ஓடிவிடுவேன். அம்மா என்னை ரப்பர் காட்டுக்கே இழுத்துப் போனாள். அங்கே பால் வாளியைத் தட்டிவிடுவேன். கடைசியில் என் இடுப்பில் கயிறு போட்டு மரத்தில் கட்டிவிட்டுத்தான் அவள் பால் வெட்டினாள்.

"சின்ன வயசுல எப்படிம்மா இருந்தாங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"தங்கமான புள்ள டாக்டரம்மா. வச்ச எடத்துல இருக்கும். ஒரு நாள் அதட்டுனது கெடையாது."

"ஓடுறது, சாமானத் தொலைக்கிறது?"

"சேச்சே! எம் மவன் அப்படியில்ல."

டாக்டரின் பேனா நின்றது. தோட்டத்தை நடத்தும் துரை, கணக்கெழுதும் கிராணி, போலீஸ், யார் விசாரித்தாலும் தோட்டத்தில் பெற்றவள் இதைத்தான் சொல்வாள். பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பவரிடம் பிள்ளையை விட்டுக்கொடுப்பதில்லை. முன்னாலேயே அவளிடம் விளக்கியிருக்க வேண்டும். புத்தி கெட்ட நான் அதையும் மறந்து தொலைத்திருந்தேன்.

அம்மாவை வெளியே அழைத்து வந்தேன்.

"ஏம்மா பொய் சொன்னே? என்னைக் கட்டிப் போட்டியே, அதச் சொல்லும்மா. சொன்னாத்தான் எனக்கு வேல தங்கும்."

யாராவது கேட்கிறார்களா என்று அம்மா கதவைப் பார்த்தாள்.

"அதச் சொன்னா, நான் கட்டிப் போட்டதுனாலதான் நீ இப்படிப் பொம்பளையா ஆயிட்டேன்னு எழுதிடுவாங்கடா. தோட்டத்துல எல்லாரும் அதான் சொல்றாங்க. எனக்கும் அதான்னு தோணுது."

என் மேல் கோபமாக இருக்கிறாள் என்றுதான் ஆறு வருடமும் நினைத்திருந்தேன். அவளோடு போட நான் சேர்த்து வைத்திருந்த சண்டையெல்லாம் மறந்துபோயிற்று.

"அதனால இல்லம்மா. சத்தியமா இல்ல."

"நீயும் சொல்லிடாத குகா. கையெடுத்துக் கும்புடுறேன்."

கும்பிட்ட கையைப் பிடிக்கப் போனேன். அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை.

உள்ளே டாக்டர் ஃபைலை மூடாமல் காத்திருந்தார்.

"உங்கம்மா சொன்னது உண்மையா?"

கயிறு என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், மிச்சத்தை அவரே கேட்டு எழுதிக்கொள்வார். வாய் ஓயாதவள் என்று பேர் வாங்கிய எனக்கு அது வரவில்லை.

"உண்மைதான் டாக்டர். அம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்."

"அப்ப என்னால எழுத முடியாது, ஷாந்தினி."

"தெரியும் டாக்டர்," என்றேன்.