குறுக்குத் தையல்

...டிவி துப்பறியும் தொடரில் ஆய்வுக்கூடத்து அம்மாள் அந்த ஒற்றை நூலை இடுக்கியால் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைக்கிறாளே, அதுதான் அவளுக்குப் பிடித்த இடம். பிணத்தைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், இதற்கு மட்டும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவாள், அம்மாள் இனி உருப்பெருக்கியில் கண்ணை வைப்பாள், கையுறையைக் கழற்றுவாள், செத்தவனின் சொந்தக்காரர்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், உடனே சொல்லிவிட மாட்டாள், ஒரு மூச்சு நேரம் சும்மா நிற்பாள்... அந்தச் சும்மா நிற்பதிலேயே விஷயம் தெரிந்துவிடும், பிறகு வாயைத் திறந்து சொல்வதெல்லாம் ஒப்புக்குத்தான். சட்டைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகச் செக்கிங் மேசையில் நிற்கிறவளுக்கு இது தெரியாதா, விட்டுப்போன தையல், கோணிய காலர், பிசிறு நூல், எது அவள் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது, சூப்பர்வைசரே அவளைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார். கூப்பிடுவார் என்ன கூப்பிடுவார், இப்போதெல்லாம் கூப்பிடுவதே இல்லை, அந்த மனிதருக்கு என்ன வந்ததோ.

மடியில் கிடந்த கணவரின் நீலச் சட்டையை மடித்துக்கொண்டிருந்த கட்டைவிரல் மூன்றாவது பட்டனில் நின்றது. இது போன மாதம் அவளே தைத்த பட்டன். தொழிற்சாலை வழக்கம் அவள் கைக்கு ஊறிப்போனது, நாலு துளைக்கும் நூல் இரண்டு கோடாகத்தான் ஓடும், இதுவோ பெருக்கல் குறி மாதிரி குறுக்கே மேடு தட்டுகிறது, பின்பக்கம் முடிச்சு வேறு மிளகு அளவுக்கு... யார் கை இது? எவளோ பிரித்துத் தைத்திருக்கிறாள். அப்படியானால் சட்டையைக் கழற்றினாரா, எங்கே வைத்துக் கழற்றினார்? கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற மனிதர், பக்கத்து இருக்கையில் நாளுக்கு நாலு பேர், அதில் அந்த வெள்ளைச் செருப்புக்காரி, நாலு மாதமாகியும் ரிவர்ஸ் வரவில்லையாம், எப்படி வரும், வந்துவிட்டால் வகுப்பு முடிந்துவிடுமே! திடீரென்று வீட்டில் எல்லா பல்பையும் மாற்றினாரே, தையல் பெட்டி இருக்கிற மூலையில்கூட ஒன்று, ஏன் என்று கேட்டால் சும்மாதான் என்கிறார், எரியாத பல்பையே மாற்றச் சொல்லி மாதக்கணக்கில் கெஞ்ச வைத்தவர். போன வாரம் கடைத்தெருவுக்குப் போகலாம் வா என்று வலியக் கூப்பிட்டு, மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் எதற்கு அத்தனை நேரம் நின்றார், உள்ளே எவளைப் பார்த்தார்? எல்லாம் கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாக வருகிறது.

"இந்தப் பட்டன தெச்சது யாரு?"

குளித்துவிட்டுத் தோளில் துண்டோடு வந்தவர் அப்படியே நின்றார். "எதுக்குக் கேக்கற?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அந்த வெள்ளச் செருப்புக்காரியா?"

"யாரு? அந்தம்மாவுக்கு ஸ்டியரிங்கே பிடிக்கத் தெரியல, ஊசி பிடிக்குமா?" அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. இடது கை விரல்களை நீட்டினார். "நான்தான் தெச்சேன். நாலு தடவ குத்திக்கிட்டேன், பாரு."

"நான் தெச்சதுக்கு என்ன கொறச்சல்?"

"பச்ச நூல்ல தெச்சிருந்த. இன்னும் ரெண்டு சட்டையிலயும் அப்படித்தான்."

"அத எங்கிட்ட சொல்லறதுக்கு என்ன?"

"உன் வேலையே கண்ணுதானே. எப்படிச் சொல்லுவேன்?"

பொய், இந்தத் தொடரில் மாட்டிக்கொள்கிறவன் ஒவ்வொருவனும் இப்படித்தான் ஒரு கதையோடு வருவான், விரலில் குத்தியதைக்கூடக் காட்டுவான்... ஆனால் அந்த அவலட்சணமான முடிச்சு, ஒரு பெண் போட்ட முடிச்சா அது? விருட்டென்று எழுந்தவள் திரும்பிப் பார்த்தபோது சுவரோரம் தரையில் அழுக்காக நாலு வட்டம் தெரிந்தது, நாற்காலியின் கால்கள் வருடக்கணக்காக நின்ற தடம், நாற்காலியோ நாலடி முன்னால் வந்து டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. யார் நகர்த்தினது, அவரா? இல்லை, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் போட்டுக்கொண்டது அவள்தான், அம்மாள் இடுக்கியில் எடுப்பது சரியாகத் தெரியவில்லை என்று, டிவிக்கு வயதாகிவிட்டது என்று. போன வாரம் குறை சொல்லித் திரும்பி வந்த சட்டைக் கட்டு... பக்கத்து மேசைக்காரியின் அஜாக்கிரதை என்று எல்லார் முன்னாலும் சொன்னாளே, சரிபார்த்தவர் ஒட்டும் ஸ்டிக்கர் யாருடையது என்று பார்த்தாளா? பயமாக இருந்தது, வெள்ளைச் செருப்புக்காரியாகவே இருந்திருக்கக் கூடாதா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

தையல் பெட்டியிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்து ஜன்னலோரம் போனாள், நல்ல முற்பகல் வெயில், புது பல்பு வேறு எரிந்துகொண்டிருந்தது, அவள் பார்வைக்கு அது சந்தேகமே இல்லாத நீலம். "இது நீலம்தானே?" என்று அவரிடம் நீட்டினாள். டிவியில் அம்மாள் கையுறையைக் கழற்றிக்கொண்டிருக்க வேண்டும், அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவர் தோளிலிருந்த துண்டை எடுத்தார், நாலாக மடித்தார், சும்மா நின்றார்.