வகை எழுதாத சார்ட்

என் ஓரகத்தியை இந்த வேலைக்குக் கூட்டிவந்தவளே நான்தான். வேறு யாரைத் திட்டுவது? என் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

மருத்துவமனைகள் அனுப்பும் சார்ட்டுகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டு எண்ணை, எங்கள் பாஷையில் 'கோடு', போடுவது எங்கள் ஆபீஸின் வேலை. நான் இதயப் பிரிவு. தாளம் தப்பித் துடிக்கும் இதயங்களோடு எட்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். அவள் எலும்புப் பிரிவில் இருந்துவிட்டு எங்களிடம் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் ஆபீஸ் முழுக்க அவளுக்கு 'மின்னல்' என்று பெயர். எனக்கு என்ன பெயர் தெரியுமா? 'மின்னலோட அக்கா'.

வீட்டில் அதற்கு மேல். "சின்னவ என்ன சுறுசுறுப்பு!" என்று மாமியார் ஒரு நாளைக்கு நாலு தரமாவது சொல்வார். அந்தச் சின்னவளுக்குக் கோடிங் புத்தகத்தை எந்தப் பக்கம் திறப்பது என்று சொல்லிக்கொடுத்தது யாராம்? எனக்கு வயிறு எரியாதா? எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அப்போதுதான் ஆடிட்டர் இடம் காலியானது. மற்றவர்கள் போட்ட கோடுகளைச் சரிபார்க்கும் பதவி. நான் காத்துக்கிடந்த பதவி. கடைசிச் சுற்றில் நின்றது நானும் அவளும்தான். இருவருக்கும் அதே இருபது சார்ட், ஒரு நாள் அவகாசம்.

மதியம் அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, பதினாலாவது சார்ட் பார்த்தீங்களா? இதயத்தோட மேலறை தாறுமாறா துடிக்குதுன்னு டாக்டர் எழுதியிருக்கார். ஆனா வந்து வந்து போற வகையா, விடாம இருக்கிற வகையான்னு எழுதவே இல்ல. எட்டு மாசமா எல்லா ஈசிஜியிலயும் அதே துடிப்புதான் இருக்கு. எலும்புப் பிரிவுலன்னா டாக்டருக்குக் கேள்வி அனுப்புவோம். இங்கயும் அப்படித்தானா?"

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எந்தப் பிரிவானாலும், டாக்டர் எழுதாததை நாம் எழுதக் கூடாது. ஈசிஜி தொண்டை கிழியக் கத்தினாலும் சரி. 'வகை குறிப்பிடவில்லை' என்ற கோடு போட்டுவிட்டு டாக்டரைக் கேட்க வேண்டும்.

"இங்க அப்படி இல்ல. எட்டு மாசம் தெளிவா இருக்கே, விடாம இருக்கிற வகைன்னே போடு" என்றேன். என் குரல் எனக்கே இனிமையாகக் கேட்டது.

"சரிக்கா" என்று உருண்டு போனாள்.

மறுநாள் முடிவு வந்தது. எனக்கு இருபதுக்கு இருபது, அவளுக்குப் பத்தொன்பது. மேனேஜர் கைகொடுத்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உடனே மாமியாருக்குப் போன் போட்டேன். "அடடா, சின்னவ பாவம்" என்றார். பாருங்கள் கூத்தை!

புது மேஜையில் உட்கார்ந்தபோது அவள் டீயோடு வந்தாள்.

"சந்தோஷமா இருக்குக்கா."

"பதினாலாவதுல போச்சா?" தெரியாதவள் போலக் கேட்டேன்.

"ஆமாக்கா. யார் இப்படிப் போடச் சொன்னதுன்னு மேனேஜர் கேட்டார். நானாத்தான் போட்டேன்னு சொல்லிட்டேன்."

என் முகத்தில் ஈயாடவில்லை. "ஏன் அப்படிச் சொன்னே?"

"உங்க பேரைச் சொல்லியிருந்தா இந்த இடத்தை உங்களுக்குக் கொடுத்திருப்பாங்களா?"

அதில் குத்தல் இருக்கிறதா என்று அவள் முகத்தைத் துருவினேன். இருந்திருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இல்லை.

"வேற யார் சொல்லியிருந்தாலும் சரிபார்த்திருப்பேன்க்கா. நீங்க சொன்னதால பார்க்கல" என்றாள்.

பொறாமை அப்போதாவது விட்டதா? எங்கே விட்டது! அப்படி ஒருத்தியை நம்பிவிட்டு, காட்டிக்கொடுக்காமலும் இருக்க எனக்கு வராது. அதற்கும் சேர்த்து எரிந்தது.

பிழை செய்தவர்கள் மூன்று மாதம் ஓர் ஆடிட்டர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். அவள் என்னைத்தான் கேட்டு வாங்கியிருந்தாள். நாற்காலியைப் போட்டு முதல் சார்ட்டை முடித்து என் பக்கம் நகர்த்தினாள். ஒரு தப்பாவது இருக்காதா என்று மூன்று முறை தேடினேன். ஒன்றும் இல்லை.

"எல்லாம் சரியா இருக்கு" என்றேன்.

"சரிக்கா" என்றாள். பிறகு கோடிங் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நான் இப்போது சரியென்ற கோடு இருக்கும் பக்கத்தைத் தேட ஆரம்பித்தாள்.