கம்பி இல்லாத பள்ளத்தாக்கு

ஹிமாங்ஷு பாக்சிக்குக் கிருஷ்ணநகரில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துப் பார்த்து எண் சொல்கிற மனிதருக்கு உயிர் மட்டும் காதில் இருந்தது. சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வந்தால் சிற்றலை வானொலிதான். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ பேசுவது இரைச்சலுக்கு நடுவே மெலிதாக எட்டும். அந்த நிலையம் தன் பெயரைச் சொல்லும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெயர் தன் காதில் விழுந்தால்தான் அந்த நிலையம் தன் கணக்கில் சேரும். அலைவரிசைப் பட்டியலைப் பார்த்து 'இது இன்னதாகத்தான் இருக்கும்' என்று சொல்லிக்கொள்கிறவனுக்கு அவருடைய நேயர் மன்றத்தில் டீகூடக் கொடுக்க மாட்டார்கள்.

போன துர்கா பூஜை சமயத்தில் அந்தச் சத்தம் வந்து சேர்ந்தது. ரேடியோவைப் போட்டால் 'கீ' என்று மெல்லிய விசில், விடாமல். ரேடியோக்காரர்களுக்கு இது புதிதல்ல. மலிவு பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர், எது வேண்டுமானாலும் அலையைக் கெடுக்கும். எதுவென்று கண்டுபிடித்து அணைக்க வேண்டும், அவ்வளவுதான். ஹிமாங்ஷு முதலில் தன் வீட்டு பல்புகளைக் கழற்றினார். பிறகு கீழ்வீட்டு மீன்தொட்டியின் மோட்டாரை நிறுத்தச் சொன்னார். பிறகு பக்கத்து வீட்டு கோஸ்வாமியின் இன்வெர்ட்டரில் கை வைத்தார். கோஸ்வாமி சில தடவை அணைத்துக் காட்டினார். அப்புறம் முகத்தில் அறைந்த மாதிரி கதவைச் சாத்தினார். அத்தனை வருஷம் சேர்ந்து சீட்டாடிய சிநேகம் அதோடு போயிற்று.

"அவன் வேணும்னே பண்றான். எனக்கு அணைச்சுக் காட்டிட்டு உள்ள வேற எதையோ போட்டுடறான்" என்பார் ஹிமாங்ஷு. மனைவி பூரபி காதில் போட்டுக்கொள்ளாமல் தன் வேலையைப் பார்ப்பாள். அவள் எப்போதோ அவரைத் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டாள்.

இதில் அவசரம் வேறு சேர்ந்துகொண்டது. பெரு நாட்டின் மலை ஊர் ஒன்றில் குட்டி நிலையம் ஒன்று உண்டு. ஹிமாங்ஷு வாலிபத்திலிருந்து தேடியும் அகப்படாதது. அது இந்த வருஷக் கடைசியோடு மூடப்போகிறது என்று மன்றத்தில் செய்தி வந்தது. இங்கே சூரியன் இறங்கும் வேளையில் அங்கே விடிகிறது. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும், இரவும் பகலும் உரசிக்கொள்ளும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அதன் குரல் இவ்வளவு தூரம் வந்துவிடும். வந்ததை வாங்கிக்கொள்ளத்தான் சத்தமில்லாத இடம் வேண்டும். இந்த வருஷம் விட்டால் இல்லை.

அப்படித்தான் பூடானுக்குப் புறப்பட்டது. அங்கே ஃபொப்ஜிகா பள்ளத்தாக்கில் குளிர்காலத்துக்கு வந்திறங்கும் கருங்கழுத்துக் கொக்குகள் மோதிச் சாகக் கூடாதென்று மின்கம்பிகளை மண்ணுக்குள் புதைத்துவிட்டார்கள். ஊர் உலகமெல்லாம் கொக்கு பார்க்கப் போகிறது. ஹிமாங்ஷு கம்பி இல்லாததைப் பார்க்கப் போனார். இதைப் பூரபியிடம் சொல்லும் தைரியம் மட்டும் அவருக்கு இல்லை.

எல்லை தாண்டி ஃபுன்ட்ஷோலிங் ஓட்டலில் பசிக்கிறதென்று பொரி டின்னைத் திறந்தாள் பூரபி. உள்ளே செப்புக் கம்பிச் சுருள்.

"பொரி எங்க?"

"அடியில இருக்கு."

"மேல இருக்கறது என்ன, துணி காயப்போடறதுக்கா?"

ஹிமாங்ஷு குரங்குக் குல்லாவை இழுத்துக் காதை மூடிக்கொண்டார்.

"கல்யாணமாகி மொத தடவையா வெளிநாடு கூட்டிட்டுப் போறாருன்னு தெருவெல்லாம் பீத்திக்கிட்டு வந்தேன். சக்களத்தியையும் சேர்த்துல்ல கூட்டிட்டு வந்திருக்கீங்க!"

"ஒரு சாயங்காலம், பூரபி. அந்தப் பெருக்காரன் கிடைச்சிட்டான்னா அப்புறம் ரேடியோவைத் தொடவே மாட்டேன்."

"ஆமா, நான் நம்பிட்டேன்."

பள்ளத்தாக்கில் தங்கியது டெச்சன் என்ற அம்மாளின் பண்ணை வீட்டில். முதல் சாயங்காலம் முற்றத்தில் கம்பியைக் கட்டி ரேடியோவைப் போட்டார் ஹிமாங்ஷு. அவருக்கு முகம் தொங்கிப்போனது. அதே விசில். கிருஷ்ணநகரில் கேட்ட அதே விசில், கூடவே வண்டி ஏறி வந்த மாதிரி.

மண்ணுக்குள் இருந்தாலும் மின்சாரம் மின்சாரம்தானே என்று சமாதானம் செய்துகொண்டு டெச்சன் அம்மாளிடம் மெயினை அணைக்கச் சொன்னார். அந்த அம்மாள் கரண்ட் குக்கரில் வைத்திருந்த சிவப்பரிசி பாதி வேக்காட்டில் நின்றது. விசில் நிற்கவில்லை. காரோட்டி கின்லேயின் போனை வாங்கி அணைத்தார். காரைத் தள்ளி நிறுத்தச் சொன்னார். அதற்குள் சூரியனும் போய்விட்டது, பெருவும் போய்விட்டது.

"கொக்குக்கு வயர்தான் சார் ஆகாது. உங்களுக்கு ஒலகமே ஆகாது போலிருக்கு" என்றான் கின்லே. பூரபி வாய்விட்டுச் சிரித்தாள். அன்று எல்லோரும் சாப்பிடத் தாமதமானது.

மறுநாள் அவர் ஒற்றைக்காலில் நின்று பூரபியையும் இழுத்துக்கொண்டு சரிவில் ஏறினார். வீடுகள் கண்ணுக்கு மறையும்வரை ஏறினார்கள். கம்பி நுனியில் கல்லைக் கட்டிப் பைன் மரக்கிளை மேல் எறிந்து, மறு நுனியை ரேடியோவில் மாட்டினார். கீழே சதுப்பில் கொக்குகள் கூட்டம் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தன. பூரபி சால்வையைப் போர்த்திக்கொண்டு அவற்றைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். அழகாகத்தான் இருக்கிறது, சொல்லத்தான் ஆளில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஹிமாங்ஷு இயர்போனை மாட்டி முள்ளை மெல்ல நகர்த்தினார். 'கீ'.

"இங்கயுமா!" என்று கத்தினார். "எவன்டா அது? இந்தக் காட்டுல எவன்டா?"

எழுந்து நாலு பக்கமும் பார்த்தார். மரங்களைத் தவிர ஒன்றும் இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பூரபிக்குப் பாவமாகப் போயிற்று.

"கொடுங்க, நான் கேட்டுப் பாக்கறேன்."

"உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. கொடுங்க."

வாங்கி மாட்டிக்கொண்டாள். பிறகு அவள் புருவம் உயர்ந்தது.

"யாரோ சிரிக்கறான். சேவல் கூவுது. ஏதோ கம்பி வாத்தியம், மாட்டு வண்டி ஓடற மாதிரி தாளம். நல்லாத்தான் இருக்கு."

"என்னைச் சமாதானப்படுத்த அளக்காத."

"எனக்கென்ன வந்தது அளக்கறதுக்கு? தெளிவா கேக்குது."

"அந்த விசிலுக்கு நடுவுலயா?"

"என்ன விசில்?"

ஹிமாங்ஷு இயர்போனைப் பறித்துத் தன் காதில் வைத்தார். விசில்தான். அதற்கு அடியில் எங்கோ ஏதோ அசைவது போல் இருந்தது, அதுவும் ஆசையால் தோன்றியதாக இருக்கலாம். ஒலியைக் கூட்டினார். விசில் கூடவில்லை. குறைத்தார். அது குறையவும் இல்லை. ரேடியோவை அணைத்தார். இயர்போனைக் கழற்றினார். பேட்டரிகளைக்கூட உருவிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

விசில் கேட்டுக்கொண்டே இருந்தது.

கோஸ்வாமியின் வீட்டில் கேட்டதும், மீன்தொட்டியில் கேட்டதும், டெச்சன் அம்மாளின் அடுப்படியில் கேட்டதும் இதுதான். அது எந்த வீட்டிலும் இல்லை. அவருடைய தலைக்குள் இருந்தது. உலகத்தின் கடைசி மூலையைக் கேட்டுவிட வேண்டும் என்று எத்தனையோ வருஷம் தீட்டி வைத்த காது ஓசைப்படாமல் கெட்டுப்போய், தன் சத்தத்தையே ஊராரின் சத்தம் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஹிமாங்ஷுவுக்குப் பயமாக இருந்தது. சின்னப் பிள்ளை கூட்டத்தில் கையை விட்டுவிட்டால் வருமே, அந்தப் பயம்.

"என்னாச்சு? ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் பூரபி.

அவர் பேட்டரிகளைத் திரும்பப் போட்டார். அலைவரிசையைச் சரிபார்த்துவிட்டு, இயர்போனை அவள் காதில் தானே மாட்டிவிட்டார். "நீ கேளு" என்றார். "விடாம கேளு. பேரு சொல்லுவான்."

வெயில் மலை உச்சியில் மட்டும் மிச்சமிருந்தது. அவர் கீழே இறங்கும் கொக்குகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். வாய் திறந்து கத்திக்கொண்டுதான் அவை இறங்கின. அது அவருக்கு மங்கலாகத்தான் கேட்டது.

"என்னங்க!" என்றாள் பூரபி. "சொல்லிட்டான்! ரேடியோ யுராக்மாயு! ரெண்டு தடவை சொன்னான்!"

அவர் தேடிய நிலையத்தின் பெயரே அதுதான். அதை அவர் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டில் எப்போதும் 'பெருக்காரன்' என்றுதான் பேச்சு. ஆனால் அவர் திரும்பவில்லை. அவள் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, உங்களைத்தான்!"

கொக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தோளைப் பிடித்து உலுக்கியதும்தான் திடுக்கிட்டுத் திரும்பினார். அப்போதுதான் பூரபிக்கு விளங்கியது. கையில் ரேடியோவும் காதில் பாட்டுமாக அப்படியே அவரைப் பார்த்தாள்.

"கேக்கலயா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "விசில் வெளிய இல்ல, பூரபி. எனக்குள்ளதான் இருக்கு. பாவம் கோஸ்வாமியை என்னென்னவோ பேசிட்டேன்."

"கோஸ்வாமி கிடக்கட்டும்" என்றாள் அவள். "ஒரு வருஷமா நான் கூப்பிட்டா நீங்க திரும்பறதே இல்ல. சமையலறையிலருந்து கூப்பிட்டா பதில் இல்ல. பக்கத்துல படுத்துக்கிட்டுச் சொன்னாலும் பதில் இல்ல. என்மேல வெறுத்துப்போச்சுன்னு நெனச்சேன். எங்க அக்காகிட்ட சொல்லி அழுதிருக்கேன். கூப்பிடறதையே நிறுத்திட்டேன்."

"எனக்கே தெரியாதே" என்றார் ஹிமாங்ஷு. அவள் கூப்பிடாமல் போனதையும் அவர் கவனிக்கவில்லை என்பது அந்த நேரத்தில்தான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

பூரபி இயர்போனைக் கழற்றப் போனாள். அவர் தடுத்தார்.

"கழட்டாத. உன் காதுல விழுந்த நிலையம், அது உன்னுது. முழுசா கேளு." பிறகு எழுந்து, அவளைச் சுற்றி வந்து மறுபக்கம் நெருங்கி உட்கார்ந்தார். குரங்குக் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வலது காதை அவள் வாயருகே கொண்டுபோனார்.

"இந்தக் காதுல இன்னும் கொஞ்சம் கேக்குது" என்றார். "அவன் போறதுக்குள்ள என்னென்ன கேக்குதோ எல்லாத்தையும் எனக்குச் சொல்லு. அவன் போனதுக்கப்புறமும் சொல்லு. சத்தமா சொல்லு."