எல்ஸி வீட்டுக் கிறிஸ்மஸ் படம்

கதை தெரிந்த படத்தை உட்கார்ந்து பார்ப்பவர்களைக் கண்டால் என் வீட்டுக்காரர் சதாசிவத்துக்குப் பொறுக்காது. "ஆரம்பிக்கும்போதே முடிவு தெரியுது, இத பாக்க எதுக்குலா இத்தன கூட்டம்?" என்பார். சொல்லிவிட்டு முதல் ஆளாக எல்ஸி வீட்டுக்குப் போய், மின்விசிறிக்கு நேராக இருக்கும் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்.

எல்ஸி எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. சுங்கை சிப்புட் பக்கம் ஒரே ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவியவர்கள் நாங்கள். தோட்டத்தை வீடு கட்டுகிற கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். நாங்கள் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் அடுத்தடுத்த வாடகை வீடுகளில் குடியேறினோம். நான் கையுறை செய்யும் ஆலையில், அவள் தையல் ஆலையில். அவள் வேதக்காரி, நாங்கள் மாரியம்மன் ஆட்கள். தீபாவளிக்கு அவள் என் அடுப்படியில் கிடப்பாள், கிறிஸ்மஸுக்கு நான் அவள் அடுப்படியில் கிடப்பேன்.

அவள் புருஷன் ஆம்புரோஸ் தோட்டத்தில் லாரி ஓட்டினவன். தோட்டம் போனதும் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை என்று கிளம்பினான். "கிறிஸ்மஸுக்கு வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அந்தக் கிறிஸ்மஸுக்கு அவள் புதுத் திரைச்சீலை தைத்துப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. அடுத்த வருஷமும் ஆள் விட்டுச் சொன்னான், வரவில்லை. அங்கே ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று பிறகு தெரிந்தது. குழந்தை குட்டி இல்லாததால் அழுவதற்குக்கூட அவளுக்குத் துணை கிடையாது. நான் மட்டும்தான் இருந்தேன்.

அந்த வருஷம்தான் அவள் சொந்தச் சம்பாத்தியத்தில் கலர் தொலைக்காட்சி வாங்கினாள்.

கிறிஸ்மஸ் மத்தியானம் ஒரு வெள்ளைக்காரப் படம் போடுவார்கள். தியேட்டருக்கு வந்த படமில்லை, தொலைக்காட்சிக்கென்றே எடுத்தது. ஆங்கிலம் எங்களுக்கு வராது. கீழே ஓடும் மலாய் எழுத்தைப் பாதி படிப்பதற்குள் அது மறைந்துவிடும். ஆனாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. பெரிய பட்டணத்திலிருந்து ஒரு பெண் பனி கொட்டும் சின்ன ஊருக்கு வருவாள். அங்கே ஒருவன் விறகு வெட்டிக்கொண்டிருப்பான், இல்லாவிட்டால் ஏணியில் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருப்பான். முதலில் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்கள், பிறகு பேசுவார்கள், சிரிப்பார்கள். எல்லாம் கூடி வரும் நேரத்தில் ஒரு சண்டை வரும். கடைசியில் அவன் பனியில் ஓடி வருவான். இரண்டு முகமும் நெருங்கும். அந்த இடத்தை இங்கே வெட்டிவிடுவதால், சட்டென்று எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வான்கோழி தின்றுகொண்டிருப்பார்கள். படம் முடிந்துவிடும். ஐஸ் பெட்டியைத் தவிர வேறெங்கும் பனியைக் காணாத நாங்கள், வியர்வையைத் துடைத்துக்கொண்டே அதைப் பார்த்துக் கண்கலங்குவோம்.

"ஒனக்குச் சலிக்கலையா எல்ஸி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சலிக்காது அக்கா. ரெண்டு மணி நேரம் அடுத்து என்ன ஆகுமோன்னு நான் பயப்பட வேண்டியதில்ல. இதுல என்னை யாரும் ஏமாத்த முடியாது."

அதற்கடுத்த கிறிஸ்மஸ்களுக்கும் நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன்.

எண்பத்து நாலாம் வருஷம், கிறிஸ்மஸுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, ஆம்புரோஸின் அண்ணன் யேசுதாசன் காம்பாரிலிருந்து வந்தார். தம்பி திரும்பி வந்துவிட்டான், சிங்கப்பூர்க்காரி விரட்டிவிட்டாள், மனம் திருந்திவிட்டான், கிறிஸ்மஸ் அன்று அழைத்து வருகிறேன் என்றார். எல்ஸி சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. "வாங்க மச்சான்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த நாளை அவர்கள் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. எங்கள் ஊரில் பெருநாள் என்றால் வீடு திறந்திருக்க வேண்டும். சீனர், மலாய்க்காரர், தமிழர் யார் படியேறினாலும் உட்கார வைத்து, தின்னக் கொடுத்து, போகும்போது பலகாரத்தைப் பொங்குஸ், அதாவது பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். பகையாளி வந்தாலும் அன்றைக்கு முகம் சுளிக்கக் கூடாது. இத்தனை பேர் முன்னால் அவள் எப்படிக் கதவைச் சாத்துவாள் என்று ஆம்புரோஸ் கணக்குப் போட்டிருந்தான். கெட்டிக்காரன்தான், அதில் சந்தேகமில்லை.

"என்ன செய்யப் போற?" என்று நான் அவளை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். எனக்குள் ஓர் ஆசை இருந்தது, மறைப்பானேன். அவன் வர வேண்டும், இவள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும், நான் முந்தானையால் கண்ணைத் துடைக்க வேண்டும். படம் பார்த்துப் பார்த்து எனக்கும் புத்தி அப்படித்தான் ஓடியது.

"முடிவு பண்ணிட்டேன் அக்கா" என்றாள். "என்னான்னு கேக்காதீங்க. நீங்க பாவம் பாப்பீங்க, நான் எளகிடுவேன்."

கிறிஸ்மஸ் அன்று காலைப் பூசைக்குப் போய் வந்து, கோழிக்கறி, நெய்ச்சோறு, கேக், முறுக்கு என்று எல்லாவற்றையும் மேசையில் பரப்பினாள். கை தவறி ஒரு கண்ணாடித் தட்டு உடைந்தது. "போவட்டும்" என்று கூட்டித் தள்ளினாள். மத்தியானம் படம் ஆரம்பமானது. கூடம் நிறைந்துவிட்டது. சண்டை வருகிற இடத்தில், "இப்ப பாரு, பொட்டியத் தூக்கிடுவா" என்று சதாசிவம் சொல்லி வாய் மூடுவதற்குள் வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

முன்னால் யேசுதாசன். பின்னால் ஆம்புரோஸ், கையில் ஒரு பெரிய சூட்கேஸ். இளைத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. எல்லோரும் படத்தை விட்டு அவனைப் பார்த்தார்கள்.

எல்ஸி எழுந்தாள். "வாங்க, வாங்க" என்றாள். எல்லோரையும் அழைத்த அதே குரல். அவன் சூட்கேஸோடு உள்ளே காலெடுத்து வைத்தான். அவள் அதை வாங்கி, செருப்புகள் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் சுவரோரமாக வைத்தாள். அவன் வீட்டுக்காரன் தோரணையில் நேரே அடுப்படிப் பக்கம் நடந்தான்.

"இங்க உக்காருங்க. விருந்தாளிங்க ஏன் அடுப்படிக்குப் போவணும்?" என்று நாற்காலியைக் காட்டினாள்.

யாரோ செருமினார்கள். ஆம்புரோஸ் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. உட்கார்ந்தான். தட்டு நிறையச் சோறும் கறியும் வந்தது, மேலே இன்னொரு துண்டும் வைத்தாள். ரோஸ் சர்பத்தில் ஐஸ் போட்டுக் கொடுத்தாள். எனக்கு என்ன கொடுத்தாளோ அதுதான், ஆலையில் கூட வேலை பார்க்கும் சீனப் பெண்ணுக்கு என்ன கொடுத்தாளோ அதுதான்.

"டீவிய அடைச்சிட்டுப் பேசலாம்லா எல்ஸி" என்றார் யேசுதாசன்.

"முடியட்டும் மச்சான். எல்லாரும் பாக்குறாங்க."

ஆம்புரோஸ் திரையைப் பார்த்தான். பிறகு எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "இதுல என்னா இருக்கு? கடைசியில அவன் வந்து சேந்துக்குவான். எல்லாப் படமும் ஒன்னுதான்" என்றான்.

"ஆமா" என்றாள் எல்ஸி, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "அவன் வாரேன்னு சொன்ன நாள்ல வந்துடுவான். அதுக்காகத்தான் பாக்குறேன்."

அதற்குப் பிறகு கூடத்தில் எல்லோரும் திரையையே பார்த்தார்கள். சதாசிவம்கூட. பனியில் அவன் ஓடி வந்தான், முகங்கள் நெருங்கின, வான்கோழி வந்தது. அவ்வளவு சந்தோஷமான முடிவை அவ்வளவு வேதனையோடு நான் பார்த்ததே இல்லை.

படம் முடிந்ததும் எல்ஸி அடுப்படிக்குப் போய் இரண்டு பொட்டலங்களோடு வந்தாள். ஒன்றை யேசுதாசனிடம் கொடுத்தாள், இன்னொன்றை ஆம்புரோஸிடம் நீட்டினாள். கேக்கும் முறுக்கும், எங்கள் எல்லோருக்கும் கட்டி வைத்திருந்த அதே அளவு.

"என்ன இது?" என்றான்.

"பொங்குஸ். வந்தவங்கள வெறுங்கையோட அனுப்ப மாட்டேன்."

யேசுதாசனுக்குக் கோபம் வந்துவிட்டது. "கோயில்ல கட்டின கல்யாணம்லா! நல்ல நாளும் அதுவுமா வீடு தேடி வந்தவன வெரட்டலாமா?"

"நான் எங்க மச்சான் வெரட்டுனேன்? உக்கார வச்சேன், சோறு போட்டேன். கல்யாணம் நடக்கலன்னும் நான் சொல்லல. இந்த வீட்டுல இவருக்கு எடம் இல்ல, அவ்ளோதான்." குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே நிமிர்த்திக்கொண்டாள். "ரெண்டு கிறிஸ்மஸ் நான் அழுதேன். மூணாவதா ஒன்னுக்கு அழ மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன்."

நான் பாவம் பார்த்துத் தொலைத்தேன். "எல்ஸி, கொஞ்சம் யோசிச்சுக்கலா…" என்று ஆரம்பித்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டேன்.

சூட்கேஸை அவளே தூக்கினாள். கனமாகத்தான் இருந்திருக்க வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்து நடந்தாள். கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். ஆம்புரோஸ் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

"அப்ப, நான் எப்ப வரட்டும்?" என்றான்.

"அடுத்த கிறிஸ்மஸுக்கு வாங்க" என்றாள் எல்ஸி. "வீடு தெறந்திருக்கும்."