பத்தாவதாக வந்தால் போதும்

...இல்லை, திட்டவில்லை, கைதான் தட்டுகிறார்கள், போன சுற்றிலும் அப்படித்தான், ஆனாலும் கூட்டம் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஆனலோரின் தலை தானாகக் குனிந்துகொள்கிறது, இரண்டு வருஷமாகப் பழகிப்போன குனிவு, வசவுக்கும் வாழ்த்துக்கும் வித்தியாசம் தெரியாத உடம்பாகிவிட்டது. தேவாலய முனையில் திரும்பி வருகிற ஐந்து சைக்கிள்களில் இரண்டாவது, நீலச் சட்டை, அவள் புருஷன் யோஸ்ட்தான், தாடையை ஹேண்டில்பார் வரைக்கும் கவிழ்த்துக்கொண்டு... இரண்டு வருஷப் போட்டித் தடை முடிந்து சொந்த ஊரில் ஓட்டுகிற முதல் பந்தயம். ஊர்த் திருவிழாப் பந்தயம், அவ்வளவுதான், பீரும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கிற தெருக்களையே சுற்றிச் சுற்றி வருவது, பெரிய பந்தயத்துக்கு அவனை எந்த அணி இனிமேல் கூப்பிடும். காலையில் காப்பி குடிக்கும்போது சொன்னான், "சும்மா ஓட்டிட்டு வரேன், பத்தாவதா வந்தா போதும்." போதும் என்று அவளும் சொன்னாள், சொல்லிவிட்டு ரொட்டியில் வெண்ணெய் தடவினாள், கை லேசாக இருந்தது. இப்போது முன்னால் ஐந்து பேர், மற்ற நாலு பேருக்கும் அவனைவிடப் பத்து வயசாவது குறைவு, மூச்சுக்குத் தவிக்கிறது அவர்கள்தான், அவன் இல்லை. ஏன் அவன் இல்லை?

"பாத்தியா ஆனலோர், நம்ம பயலுக்குக் கால் இன்னும் சாகலம்மா," என்று தோளில் தட்டினார் எட்டியென், இறைச்சிக் கடைக்காரர், யோஸ்டின் ரசிகர் மன்றத் தலைவர், அதாவது தலைவராக இருந்தவர், இன்றைக்கு மறுபடியும் தலைவரா? கழுத்தில் மன்றத்து நீலத் துண்டு போட்டிருக்கிறார். எங்கே இருந்தது இந்தத் துண்டு? யோஸ்ட் பிடிபட்ட செய்தி வந்த வாரம் கடை வாசலில் எல்லாத் துண்டுகளையும் குவித்துக் கொளுத்தியவர் இவர்தானே, டிவிக்காரர்கள் வந்து சேருகிற வரைக்கும் தீப்பெட்டியைக் கையிலேயே வைத்திருந்தார் என்று கேள்வி. ஒன்றை மட்டும் எடுத்து ஒளித்து வைத்தாரோ, இவ்வளவு முன்யோசனையா... "சந்தோஷமா இருக்கு, எட்டியென்," என்றாள். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். "கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன, அழகா இருப்பே," என்று பீர்க் கோப்பையை அவள் கையில் திணித்தார், நுரை மணிக்கட்டில் வழிந்தது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கும் கை ஈரம்தான், முடிச் சாயத்தின் ஈரம், சலூனில் வெர்ஸ்க்யூரே அம்மாவின் தலையில் சாயம் தடவிக்கொண்டிருந்தாள், ரேடியோவில் பாட்டை நிறுத்தி அவன் பெயரைச் சொன்னார்கள், ஊக்க மருந்து, ரத்தத்துக்கு வலு ஏற்றுகிற ஊசி, அடுத்ததாக வானிலை. வெர்ஸ்க்யூரே அம்மா கண்ணாடிக்குள்ளிருந்தே அவளைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார், பிறகு, "கழுவிடும்மா, எரியுது," என்றார். கழுவினாள். உலர்த்தினாள். முதல் வாரம் சலூனுக்கு யாருமே வரவில்லை, அடுத்த வாரம் எல்லோரும் வந்தார்கள், முடி வெட்டவா வந்தார்கள், அவள் முகத்தைப் பார்க்க வந்தார்கள். "பாவம் நீ, உனக்கு ஒண்ணும் தெரியாதில்ல?" தெரியாது. அதுதான் நிஜம். ஆனால் தெரியாது என்று சொல்லும்போது முட்டாள் மாதிரி இருந்தது, சொல்லாமல் இருந்தாலோ கூட்டாளி மாதிரி. இரண்டில் எது தேவலை? முதலில் அவன், "டாக்டர் குடுத்தாரு, விட்டமின்னு நெனச்சேன்," என்றான், அவள் நம்பி அதையே ஊரெல்லாம் சொன்னாள், ஒரு வாரம் கழித்துக் கார் கொட்டகையில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டே, நிமிராமல், "தெரிஞ்சுதான் போட்டேன்," என்றான். பம்பை நிறுத்தக்கூட இல்லை.

ரிக்கும்தான் போட்டான், அதே அணி, அதே டாக்டர். ரிக் டிவியில் அழுதான், பக்கத்தில் அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு மூக்கு ஒழுக அழுதான், இப்போது அதே டிவியில் கோட்டுப் போட்டுக்கொண்டு பந்தயத்துக்கு வர்ணனை சொல்கிறான், ஜனங்கள் அவனோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். யோஸ்ட், "ஆமா, போட்டேன், தண்டனைய ஏத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான், கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை, அதைத்தான் ஊருக்குப் பொறுக்கவில்லை. வீட்டு வேலியில் பொம்மை ஊசிகளைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். ரொட்டிக் கடைப் பெண் மீதிச் சில்லறையை அவள் கையில் தராமல் மேஜையில் வைத்தாள். அழுதிருந்தால் என்ன, அரை மணி நேர வேலை... ஆனால் அழாதவன் என்பதால்தானே அவள் கூடவே இருந்தாள், அழுதிருந்தால் இருந்திருப்பாளா?

மணி அடித்தது. கடைசிச் சுற்று. ஐந்து பேர் மூன்று பேராகியிருந்தார்கள், ஒலிபெருக்கிக்காரர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார், ரயில்வே கேட் தாண்டியதும் யோஸ்ட் தனியாகப் பிரிந்துவிட்டானாம், சோளக்காட்டுப் பக்கம் எதிர்காற்று, அந்தக் காற்றில் தனியாகவா. எட்டியென் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம், என்று நினைத்தாள். வேண்டாம் யோஸ்ட், கொஞ்சம் மெதுவாக. யாருக்காக இந்த வேகம்? பத்தாவதாக வா, மூச்சு இரைக்க வா, கால் பிடித்துக்கொண்டு நொண்டி வா, நான் தண்ணீர் தருகிறேன், துண்டு தருகிறேன், ராத்திரி கால் அமுக்கிவிடுகிறேன், நீ தோற்றால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்... என்ன நினைப்பு இது. ஊர் முழுக்க அவன் ஜெயிக்க வேண்டும் என்று கத்துகிறது, தோற்க வேண்டும் என்று நினைக்கிற ஒரே ஆள் பெண்டாட்டியா? அவன் கெட்டுப்போக வேண்டும் என்று திட்டியவர்கள்கூட இவ்வளவு மனசார வேண்டியிருக்க மாட்டார்கள். தேவாலய முனையில் நீலச் சட்டை தனியாகத் திரும்பியது. பின்னால் யாருமே இல்லை.

யோஸ்ட் என்று கூவினார்கள், யோஸ்ட், யோஸ்ட், வேலியில் ஊசி கட்டிய கை எந்தக் கை, இத்தனை கைகளும் மேலே இருக்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது. மேடையில் மலர்க்கொத்து கொடுத்தார்கள், அவன் அதை அவளிடம் தந்துவிட்டு, மஞ்சள் அங்கி போட்ட ஊக்க மருந்துப் பரிசோதனைக்காரருக்குப் பின்னால் வண்டிக்குள் போனான். நல்ல மனுஷர் மாதிரித் தெரிந்தார், வழுக்கை, வியர்வை, கையில் மூத்திரக் கோப்பை. அவருக்கு ஒரு கும்பிடு போடலாம் போல இருந்தது, நீங்களாவது சொல்லுங்கள் ஐயா, சுத்தம் என்று ஒரு வார்த்தை... சொல்லுவார். அப்போதும் சொன்னார்கள், ஒரு தடவையா இரண்டு தடவையா, பிடிபடுகிற நாள் வரைக்கும் ஒவ்வொரு கோப்பையும் சுத்தம் என்றுதான் சொன்னது. அப்படியென்றால் இந்தக் கதவுக்கு வெளியே அவள் எதற்காக நிற்கிறாள்?

வெளியே வந்தான். முகத்தில் உப்பு வரி வரியாகக் காய்ந்திருந்தது. இரண்டு வருஷமாக அந்த முகத்தில் பார்க்காத ஒரு வெளிச்சம், பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"எட்டியென் பீர் வாங்கித் தரேங்கறாரு," என்றான். "போலாமா, இல்ல வீட்டுக்கா?"

"உனக்கு எப்பிடியோ."

"வீட்டுக்கே போலாம்." சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான், அவள் பூக்களோடு பக்கத்தில். யார் யாரோ முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். தெரு முனை வரைக்கும் காற்றைப் பற்றிப் பேசினான், ரயில்வே கேட்டைப் பற்றி, அந்தச் சின்னப் பையன்களின் கியரைப் பற்றி, விடாமல் பேசினான், அழாத மனுஷன், பேசாத மனுஷன், இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி அவளைப் பார்த்தான். இப்போது கேட்கப்போகிறான், நீ நம்பறியா என்று, கேட்டால் என்ன சொல்வது? அவன் குனிந்து சங்கிலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் காற்றைப் பற்றியே பேச ஆரம்பித்தான்... கேட்கவில்லை. அப்பாடா என்றிருந்தது, அப்புறம்தான் உறைத்தது, கேட்கக் கூடாது என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது.