வாய்க்கரிசிக்கு முன் ஒரு படம்

அரிசி வாளிக்குள் கையை முழங்கை வரை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் பிரேமினி. வாய்க்கரிசிக்கு அரிசி அள்ள வந்த இரண்டு பெண்கள் சுளகோடு பின்னால் நின்றார்கள். கமரா வெளியே வந்தது. அதன் பட்டி மடிப்புகளிலிருந்து அரிசி உதிர்ந்தது.

"அரிசிக்குள்ளயோ வச்சிருந்தவர்?" என்றாள் ஒருத்தி.

"உப்புக்காத்து ஈரம் ஏறாதாம், அப்பா சொல்லுறவர்," என்றாள் பிரேமினி.

"மனுசருக்கும் சோறு, கமராவுக்கும் சோறு," என்றாள் மற்றவள். பிறகுதான் செத்தவீடு என்று நினைவு வந்து மூக்கைச் சிந்தினாள்.

நேற்று நடராசாவோடு சேர்த்துத் தூக்கி வரப்பட்ட கமரா அது. அவ்வளவு அழுகைக்குள்ளும் தாய் சிவலட்சுமி அதைச் சீலைத் தலைப்பால் துடைத்து, வழக்கமான இடத்தில் புதைத்துவிட்டுத்தான் புருஷனின் தலைமாட்டில் போய் உட்கார்ந்திருந்தாள்.

மனிதர் செத்த விதத்தை ஊர் இன்னும் மென்று முடிக்கவில்லை. குளக்கட்டின் சரிவில், எப்போதும் போலக் குப்புறப் படுத்து, கமராவில் கண்ணை வைத்தபடி கிடந்திருக்கிறார். மாடு சாய்த்துப் போனவன் பார்த்தான். விறகுக்குப் போன பெண்கள் பார்த்தார்கள். அடுத்த வளவு எடித் போகும்போதும் பார்த்தாள், வரும்போதும் பார்த்தாள். ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் குருவி பறந்துவிடும், பிறகு மனிதர் ஒரு கிழமைக்கு முகங்கொடுத்துப் பேசமாட்டார் என்பது பாப்பாமோட்டை முழுக்கத் தெரிந்த விஷயம். சைக்கிளில் வந்த ஒருவர் மணியும் அடிக்காமல் இறங்கி உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். உச்சி வெயில் முதுகில் ஏறியும் ஆள் அசையவில்லை என்பதைக் கண்டபோதுதான் மாட்டுக்காரனுக்குச் சந்தேகம் தட்டியது.

"நான் நுனிக்காலில எல்லோ கடந்து போனனான்," என்று வருகிறவர்களுக்கெல்லாம் எடித் சொல்லிக்கொண்டிருந்தாள். "செத்த மனுசனுக்குப் பக்கத்தால நுனிக்காலில நடந்திருக்கிறன், யேசுவே!"

பிரேமினியும் போனவள்தான். தேத்தண்ணிப் போத்தலோடு குளக்கட்டு வரை போய், தகப்பனின் உள்ளங்கால்களைக் கண்டு, கிடக்கட்டும் என்று திரும்பி வந்தவள். அவளும் தாயும் விடியத் தொடங்கிச் சீமெந்து குழைத்துக்கொண்டிருந்த நாள் அது. அவள் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. போத்தல் நிறையத் திரும்பி வந்ததை எடித் மட்டும் வேலிக்கு மேலால் கண்டிருந்தாள். கண்ட ஒன்றை எடித் இவ்வளவு நேரம் வாய்க்குள் வைத்திருந்தது ஊர் வரலாற்றில் இதுவே முதல் தடவையாக இருக்கும்.

பிரான்சிலிருந்து அண்ணன் யசோதரன் மறுபடியும் போன் எடுத்தான். அகதி வழக்கு முடியாமல் அவன் அங்கிருந்து அசைய முடியாது. மகன் வைக்க வேண்டிய கொள்ளியை வைப்பதற்குச் சித்தப்பாவின் பையன் தலை வழித்து நின்றான்.

"எடுத்திட்டியோ, தங்கச்சி?"

"இப்பதான் கமராவைத் தூக்கினனான், அண்ணா."

"வாய்க்கரிசி போட முதல் எடு. வாயில அரிசியோட வேண்டாம். எனக்கு அப்பான்ர முகம் சரியா வருகுதில்லையடி. குரல் வருகுது, முகம் வருகுதில்லை."

பழைய படங்களெல்லாம் இடம்பெயர்ந்த வழியில் பெட்டியோடு போய்விட்டன. அடையாள அட்டையில் இருந்ததோ யாரோ பயந்துபோன ஒரு ஆள். ஊரில் அப்போதிருந்த போன்கள் டோர்ச் அடிக்கும், பாட்டுப் படிக்கும், படம் மட்டும் பிடிக்காது. மன்னாரில் ஸ்ரூடியோ வைத்திருந்தவர் பேசாலையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்தக் கமராவே யசோதரன் அனுப்பியதுதான். இவர்கள் திரும்பி வந்து குடியேறிய காணியையும் எழும்புகிற வீட்டையும் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தான். நடராசா செய்த முதல் வேலை, அதோடு வந்த சின்ன லென்ஸை ஸ்ரூடியோக்காரனிடம் கொடுத்து, அவனிடம் தூசி பிடித்துக் கிடந்த நீளக் குழாய் லென்ஸை மாற்றி வாங்கியது. பிறகு பிரான்சுக்குப் போனதெல்லாம் உள்ளானும் மீன்கொத்தியும் பூநாரையும். "கூரை போட்டாச்செண்டீங்கள், கூரை எங்கை அப்பா?" என்று மகன் கேட்டதற்கு, "கரிக்குருவியின்ர காலுக்குக் கீழ தெரியுது, வடிவாப் பார்," என்று பதில் சொன்ன மனிதர்.

முற்றத்தில் தறப்பாள் பந்தலுக்குக் கீழே பெட்டி இருந்தது. கிரியை முடிந்து, குருக்கள் சுளகைப் பார்த்தபடி நின்றார். பிரேமினி பெட்டிக்குக் கிட்டப் போய்க் கமராவைக் கண்ணில் வைத்தாள். ஒரே புகார், பனிமூட்டம் மாதிரி. வளையத்தைத் திருகினாள். புகார் கொஞ்சம் மஞ்சளாகியது.

"கெதியா, பிள்ளை," என்றார் சித்தப்பா. "ஐயருக்கு இன்னொரு இடமும் இருக்கு."

"என்ர ராசா, என்னைத் தனிய விட்டிட்டுப் போட்டீரோ..." என்று இழுத்துக்கொண்டிருந்த சிவலட்சுமி, அழுகையை நிறுத்திவிட்டு, அடுப்படியில் பேசுகிற குரலில் சொன்னாள். "பின்னுக்குப் போ. அது கிட்டத்தில பிடிக்காது."

பிரேமினி பின்னால் போனாள். இப்போது ஒரு காது தெரிந்தது, அதுவும் கலங்கலாக.

"இன்னும் போ."

கதிரைகள் இழுபட்டன. வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் எழும்பி வழி விட்டார்கள். பந்தல்கால் தாண்டி, கிணற்றடி தாண்டி, வேலியில் முதுகு முட்டியது. அங்கிருந்து பார்த்தால் பெட்டியின் பலகைதான் தெரிந்தது.

"எங்கட கல்லில ஏறு, பிள்ளை!" வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் எடித்தின் கை வந்து அவளை அப்படியே தன் வளவுக்குள் இழுத்தது. வீட்டுத்திட்டத்துக்கு இறக்கிய சீமெந்துக் கற்கள் அங்கே நெஞ்சளவு உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. தகப்பனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஒரு பொம்பிளைப்பிள்ளை கல்லுக் குவியலில் ஏறுவதை ஊர் வாயைத் திறந்தபடி பார்த்தது. ஊருக்குப் பேச இந்தக் கதை இனி மழைக்காலம் வரை காணும். எடித் பின்னால் ஏறி, அவளுடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பந்தலைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"ஏய் வெள்ளைச் சேட்டு போட்டவர்! குனியும்! மொட்டைத் தம்பி, நீ அங்கால போ!"

மொட்டைத் தம்பி என்பது கொள்ளி வைக்க நின்றவன். அவனும் அங்கால போனான். சிவலட்சுமி இன்னொரு தலையணையைக் கொண்டுவரச் சொல்லி, புருஷனின் தலையைத் தூக்கி, அதைக் கீழே வைத்து, முகத்தை வேலிப் பக்கம் சரித்துப் பிடித்தாள்.

பிரேமினி வளையத்தை மெல்லத் திருகினாள். புகாருக்குள்ளிருந்து முகம் வந்தது.

கமராக் கண்ணாடிக்குள் இடமில்லாத அளவுக்கு வந்தது. நேற்றிலிருந்து அவள் அதற்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள், குளிப்பாட்டத் தண்ணீர் அள்ளிக் கொடுத்திருக்கிறாள். ஆனாலும் நாடியில் சவரக்கத்தி விட்ட கீறலை இப்போதுதான் கண்டாள். குளத்துச் சரிவின் மண் ஒரு பொட்டளவு இன்னும் காது மடலுக்குள் ஒட்டியிருந்தது. வலது கண்ணைச் சுற்றி மட்டும் சுருக்கம் கூடுதல். சுருக்கங்களுக்கு நடுவால் ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

"அம்மா! வலக்கண்ணில எறும்பு!"

சிவலட்சுமி குனிந்து ஊதினாள். கண்ணாடிக்குள் அவளுடைய உதடுகள் மட்டும் வந்து போயின.

பிரேமினி பொத்தானை அமத்தினாள். டிக் என்றது. கமராவின் முதுகில் முகம் ஒருமுறை தெளிவாக எழுந்தது, கண்கள் மூடி, ஏதோ சத்தத்துக்குக் காது கொடுக்கிற மாதிரி. பிறகு சிவப்பு விளக்கொன்று மின்னித் திரை இருண்டது. நேற்று உச்சி வரை வெயிலில் கிடந்த பற்றறி தீர்ந்திருந்தது. சார்ஜ் போடுவதென்றால் சந்திக் கடைக்குத்தான் கொண்டுபோகவேண்டும்.

"வந்திட்டுதோ, பிள்ளை?" என்றார் சித்தப்பா.

பிரேமினி மறுபடி கமராவைக் கண்ணில் வைத்தாள். திரை செத்தாலும் கண்ணாடிக்குள் முகம் அப்படியே இருந்தது.

"இன்னொண்டு, சித்தப்பா."

அவளுடைய தோளுக்குப் பின்னாலிருந்து எடித்துக்கு அந்தக் கறுப்புத் திரை நன்றாகத் தெரிந்தது. எடித் தொண்டையைச் செருமினாள்.

"பிள்ளை எடுக்குது. ஒருத்தரும் அசையாதேங்கோ!"

ஒருவரும் அசையவில்லை. வெள்ளைச் சேட்டுக்காரர் குனிந்தபடியே நின்றார். குருக்கள் சுளகுக்குள் விட்ட கையை எடுக்காமல் நின்றார். சிவலட்சுமி இரண்டு கையாலும் அந்தத் தலையை ஏந்தியிருந்தாள். பிரேமினி மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமத்தினாள். சத்தம் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் அமத்தினாள்.