ஜெரேயின் வலது பக்கம்

எங்கள் சுரங்க ஊரின் கால்பந்து அணியான கஃபூபு ஹாமர்ஸ் முதல் பிரிவுக்கு ஏறிய நாளிலிருந்து ஒரு முறைகூடக் கீழே இறங்கியதில்லை. ஐந்து முறை லீக் பட்டம், மூன்று முறை நாட்டுக் கோப்பை, ஒரு முறை ஆப்பிரிக்கக் கோப்பையில் அரையிறுதி. கெய்ரோவிலிருந்து தனி விமானத்தில் வந்திறங்கிய அணியை எங்கள் அப்பாக்கள் காலத்து ஹாமர்ஸ் தலைகுனிய வைத்து அனுப்பியது. பட்டம் வென்ற வருடங்களை மைதானத்து மதிலில் பச்சைப் பெயிண்டால் எழுதியிருக்கிறார்கள். கடைசி வருடத்தின் பெயிண்ட் வெளுத்துப்போய் வெகு நாளாகிவிட்டது. சுரங்கம் மூன்று முதலாளிகளிடம் கைமாறிவிட்டது. ஆனாலும் சந்தையில் தக்காளி விற்கிறவள் முதல் மினிபஸ் ஓட்டுகிறவன் வரை எல்லோரும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வது ஒன்றுதான்: நாங்கள் இறங்கினதே இல்லை.

அந்தப் பேச்சைக் காப்பாற்றும் பொறுப்பு, சீசனின் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் பதினோரு பேர் தலையில் வந்து விழுந்தது. தலைநகர் லுசாகாவிலிருந்து வந்த அணியோடு ஆட்டம். சமன் செய்தால் பிழைப்போம், தோற்றால் இரண்டாம் பிரிவு. நிர்வாகிகள் வழக்கம்போல் பிரார்த்தனைக்கு ஏற்பாடு செய்துவிட்டு, நிழலான இருக்கைகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் ங்கோசா, வலது பேக்; கோலுக்கு முன்னால் வலது பக்கத்தை அடைத்துக் காப்பது என் வேலை. எனக்குப் பின்னால் கோலில் நின்றவன் வைட்சன் ஜெரே. பதினொரு வருடங்களாக எங்கள் கோல்கீப்பர். அவன் ங்கோனி இனத்தவன். எங்கள் கேப்டன் கபாசா என்னைப்போலவே பெம்பா இனத்தவன். பெம்பாவுக்கும் ங்கோனிக்கும் கேலி முறை. ஒரு காலத்தில் ஈட்டியால் குத்திக்கொண்டவர்கள், இப்போது வாயால் குத்திக்கொள்கிறோம். அவர்கள் எங்களைக் குரங்குதின்னி என்பார்கள், நாங்கள் அவர்களை எலிதின்னி என்போம். சாவு வீட்டில்கூட இந்தக் கேலி நிற்காது. முறைக்காரன் சொல்வதற்குக் கோபித்துக்கொண்டால் அவமானம். அவன் சொல்வதை நம்பிவிட்டால் அதைவிடப் பெரிய அவமானம்.

அன்று மதியம் ந்ஷிமா என்கிற சோளக் களியையும் கபென்டா மீனையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஜெரே களி உருண்டையைக் கையில் பிடித்தபடி சாதாரணமாகச் சொன்னான்.

"மச்சான், எனக்கு வலது கண்ணு தெரியல."

கபாசா தலைகூட நிமிரவில்லை. "எலி சுட்ட புகைதான். அடுத்த தடவை தள்ளி உக்காந்து சுடு."

மேசையே சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஜெரேயும் சிரித்தான். இத்தனைக்கும், பல வாரங்களாக அவன் என்னை வலது பக்கம் நெருக்கி அடைக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தான். நான்தான், கிழவனுக்குச் சோம்பேறித்தனம் வந்துவிட்டது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் பாதியிலேயே கோல் விழுந்தது. அவர்களுடைய ஒன்பதாம் எண் ஆட்டக்காரன் தூரத்திலிருந்து சும்மா தட்டிவிட்ட பந்து. பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பிடித்துவிடும். அது ஜெரேயின் வலது பக்கமாக உருண்டு போனது. அவன் அசையவே இல்லை. பந்து வலையில் பட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவன் பந்தை எடுத்து நடுக்கோட்டுக்கு எறிந்தான்.

இரண்டாம் பாதியில் ஒரு கார்னரில் கபாசா தலையால் முட்டிச் சமன் செய்தான். மைதானம் அதிர்ந்தது. அதன் பிறகு நாங்கள் ஆடவில்லை, காவல்தான் காத்தோம். பயிற்சியாளர் மாற்று ஆட்டக்காரர்களை இறக்கும் வாய்ப்பையெல்லாம் தீர்த்துவிட்டார். எனக்குக் கால் இரண்டும் இழுத்துக்கொண்டன. ஆட்டம் முடிகிற நேரம். அந்த ஒன்பதாம் எண்காரன் என்னைத் தாண்டினான், நான் காலை நீட்டினேன், அவன் விழுந்தான். நடுவர் பெனால்டி இடத்தைக் காட்டினார். காட்டியது சரிதான். அந்த நேரத்தில் நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

எல்லோரும் நடுவரைச் சூழ்ந்து கத்தினார்கள். கபாசா மட்டும் கோல் பக்கம் போனான். நான் பின்னாலேயே போனேன், மன்னிப்புக் கேட்கலாம் என்று. கபாசா தண்ணீர் பாட்டிலை எடுத்து, ஜெரேயின் வலது பக்கமாக நின்று பேசாமல் நீட்டினான். ஜெரே வாங்கவில்லை. பாட்டில் அவன் கன்னத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் நேராகப் பார்த்துக்கொண்டு கையுறையை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"வைட்சன்," என்றான் கபாசா. பதினொரு வருடத்தில் அவன் ஜெரேயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "நெசமாவே தெரியலையா?"

ஜெரே தலையைத் திருப்பி இடது கண்ணால் அவனைப் பார்த்தான். என்டோலா ஊரில் நடந்த ஆட்டத்தில் முகத்தில் பூட்ஸ் பட்டதிலிருந்தே அப்படித்தான் என்றான். பார்த்த டாக்டர் ஆட்டத்தையே விடச் சொன்னாராம். அணி தத்தளிக்கும்போது எப்படி விடுவது என்று இருந்துவிட்டானாம்.

"ஏன்டா சொல்லல?"

"மத்தியானம் சொன்னேனே."

வெளியே உட்கார்ந்திருந்த இரண்டாவது கீப்பரை இனி இறக்க முடியாது. கேப்டனே கையுறையை மாட்டிக்கொள்ளட்டும் என்று நான் சொன்னேன். மாட்டிக்கொள்ளலாம், விதியில் இடமுண்டு. ஆனால் கபாசா பந்தைக் கையால் பிடித்து நான் பார்த்ததில்லை. நடுவர் விசிலை ஊதி எங்களை விலகச் சொன்னார். ஒன்பதாம் எண்காரன் பந்தைப் புள்ளியில் வைத்துக்கொண்டிருந்தான். ஜெரே கையுறையைக் கழற்றத் தொடங்கினான்.

கபாசா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"போட்டுக்க. அவன் முதல் கோலு எந்தப் பக்கம் போனதுன்னு பாத்திருக்கான். நீ அசையலங்கறதையும் பாத்திருக்கான். அங்கேயேதான் அடிப்பான். நீ எதையும் பாக்காத. பந்தை உதைக்கிற சத்தம் கேட்டதும் வலது பக்கம் விழு."

"அவன் மாத்தி அடிச்சா?"

"மாத்தி அடிச்சா நான் சொல்லி நீ விழுந்தன்னு சொல்லிக்கலாம். பழி எனக்கு."

நாங்கள் பெனால்டி பெட்டிக்கு வெளியே வந்தோம். மதில்மேல் ஏறி உட்கார்ந்திருந்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். காலை நீட்டி நான் செய்த தப்புக்கு, ஒரு கண் தெரியாதவன் அங்கே நின்றுகொண்டிருந்தான். நாங்கள் இறங்கிவிட்டால் நாளைக்குச் சந்தைப் பக்கம் எப்படி முகத்தைக் காட்டுவது என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் அவன் கண்ணைப் பற்றி நான் நினைக்கவில்லை. கபாசா என் தோளைப் பிடித்திருந்தான், நகம் பதியும்படி.

ஒன்பதாம் எண்காரன் ஓடி வந்தான். ஜெரே தலையைத் தாழ்த்திக்கொண்டான். உதைத்த சத்தம் கேட்டதும், அடி தெரியாத கிணற்றுக்குள் குதிப்பவன் மாதிரி வலது பக்கம் பாய்ந்தான்.

பந்து அவன் மணிக்கட்டில் பட்டுத் துள்ளி வெளியே வந்தது. ஒன்பதாம் எண்காரன் மறுபடி அதை நோக்கி ஓடினான். ஜெரே தரையைத் தடவிக்கொண்டிருந்தான், வலது பக்கம் கிடந்த பந்து அவனுக்குத் தெரியவில்லை. நான் எப்படி ஓடினேனோ தெரியாது. ஒன்பதாம் எண்காரனுக்கு முன்னால் போய், இருந்த பலத்தையெல்லாம் திரட்டிப் பந்தை மதிலுக்கு அந்தப் பக்கம் உதைத்தேன். நடுவர் கடைசி விசிலை ஊதினார்.

ஊரே மைதானத்துக்குள் இறங்கியது. பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த சிட்டெங்கே துணியைத் தரையில் விரித்து ஜெரேயை நடக்கச் சொன்னார்கள், இளவட்டங்கள் பொறுக்காமல் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். சேர்மன் மைக்கைப் பிடித்து, அடுத்த சீசனிலும் நம் கோலை ஜெரேதான் காப்பான் என்று அறிவித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. வலது பக்கத்திலிருந்து எத்தனையோ கைகள் அவனைத் தொட நீண்டன. ஒவ்வொரு கை படும்போதும் அவன் திடுக்கிட்டான்.

கபாசா கூட்டத்தை இடித்துக்கொண்டு போனான். "இறக்குங்கடா அவனை," என்று கத்தினான். அவன் கன்னம் நனைந்திருந்தது.

ஜெரே மேலேயிருந்து குனிந்து பார்த்தான்.

"தூக்கட்டும் விடு மச்சான். இனிமே என்னை யாரு தூக்கப் போறாங்க?"

கபாசா ஜெரேயின் வலது பக்கமாகப் போய் நின்றுகொண்டு, வருகிற கைகளையெல்லாம் தள்ளிவிட்டபடியே வாசல் வரைக்கும் நடந்தான்.